நெல்லும் ஏறியது, ஆளும் ஏறினார்



“ரோடு போட்டாச்சு, இனி விவசாயிக்கு என்ன குறை?” என்று எல்லாக் கட்சி மேடையிலும் கேட்கிறார்கள். பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது: ரயில் வந்தது, சந்தை விரிந்தது, உழவர் உயர்ந்தார். யாருடைய மூட்டை ஏறியது, யாரை ஏற விட்டார்கள் என்பது அந்தப் பாடத்தில் இருக்காது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடியது. இருபது ஆண்டு கழித்து 1876இல் மழை பொய்த்தபோது, சென்னை மாகாணத்தின் உள்பகுதிகளுக்கும் தண்டவாளம் போயிருந்தது. பஞ்சப் பகுதிக்கு ரயில் தானியம் கொண்டுபோனது உண்மை. ஆனால் ஓர் ஊரில் விலை ஏறினால் தந்தியில் செய்தி போகும். விளைச்சல் கண்ட ஊரிலிருந்தும் வியாபாரி மூட்டையைத் தூக்கி ரயிலேற்றுவான். பஞ்சமில்லாத ஊரிலும் விலை ஏறும். காசில்லாதவருக்கு ஸ்டேஷனில் அடுக்கிய மூட்டை கண்ணால் பார்ப்பதற்கு மட்டும்தான். விலையில் தலையிட மாட்டோம் என்றது வெள்ளை அரசு. நிவாரண வேலையில் கல் உடைத்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோகூட இல்லாத தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார் ரிச்சர்ட் டெம்பிள். கூலியை நம்பி வாழ்ந்தவர்கள் யார்? நிலமில்லாத சேரி மக்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள்.

அதே தண்டவாளம் இன்னொன்றும் செய்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தஞ்சைப் பண்ணையாளை நிலத்தோடு கட்டிப்போட்டிருந்தது கடன் மட்டுமல்ல, போக வழியில்லாததும்தான். 1860களில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னார். போன இடம் சொர்க்கம் இல்லை. கங்காணியின் கடனும் தோட்டத்து லயமும் காத்திருந்தன. ஆனாலும் ‘இவன் போய்விடுவான்’ என்ற பயம் முதன்முறையாக மிராசுதாருக்கு வந்தது. அடிக்கிற கை கொஞ்சமாவது யோசித்தது. காசோடு திரும்பிய சிலர் துண்டு நிலமும் வாங்கினார்கள்.

அடுத்து மோட்டார் பஸ். சந்தைக்குக் காய்கறி போகலாம். அதை விளைவித்த ‘பஞ்சமர்’ ஏறக்கூடாது என்றார்கள் பஸ் முதலாளிகள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அவர்களை ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. ரயில்வே உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம் ஒழிய 1941 வரை போராட வேண்டியிருந்தது. இன்ஜினுக்குச் சாதி தெரியாது என்பார்கள். டிக்கெட் கொடுக்கிறவருக்குத் தெரியுமே!

1999இல் உழவர் சந்தை வந்தது. அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் சுமை ஏற்றலாம் என்றார்கள். தரகரைத் தாண்டிப் போக அது நிஜமான வழி, குறைசொல்ல மாட்டேன். ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் காகிதத்தில் ‘விவசாயி’. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிற தலித் எதைக் காட்டுவார்? நிலக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் மனமிரங்கவில்லை என்றால், களத்துக்கே லாரி கொண்டுவரும் வியாபாரி சொன்னதுதான் விலை. லாரி வாசல்வரை வருவது இங்கே வசதியில்லை தோழர்களே, பேரம்பேச முடியாத நிலை.

அடுத்த சம்பா கொள்முதல் தொடங்கும்போது உங்கள் பகுதி நிலையத்தில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். பில் யார் பெயரில் போடுகிறார்கள், மூட்டையை யார் முதுகு தூக்குகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.