கடைசி மூன்று பேர்

கிரிக்கெட்டில் கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது என்று அணித்தலைவர் தவிக்கிற தவிப்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆறு பந்து, எட்டு ரன். அந்த ஒரு ஓவரை மட்டும் வீசுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? மற்ற நேரமெல்லாம் அவர் வெளியே உட்கார்ந்திருப்பார். வெற்றி கைக்கு எட்டி, இன்னும் வாய்க்கு எட்டாமல் நிற்கிற நேரத்தில் கூப்பிடுவார்கள். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி ஒரு வேலை உண்டு. அந்த வேலைக்கு 'குளோசர்' என்று பெயர். அதை எல்லோரையும் விட நன்றாகச் செய்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மரியானோ ரிவேரா. பனாமா நாட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். ஆக மொத்தம் 27. பந்து எறிகிறவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சருக்கு ஐந்தாறு இன்னிங்ஸுக்குள் கை ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் 'ரிலீவர்'கள். மைதானத்தின் கோடியில் 'புல்பென்' என்று ஓர் அடைப்பு இருக்கும், அங்கேதான் காத்திருப்பார்கள். அங்கே ஒரு தொலைபேசி. அது மணியடித்து உங்கள் பெயர் வந்தால் எழுந்து நாலு பந்து எறிந்து கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பல நாள் சூடாக்கியதோடு சரி, மைதானத்துக்குள் போகிற வேலையே வராது. குளோசர், இந்த ரிலீவர்களில் கடைசி ஆள். அணி மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையில் இருக்கும்போது உள்ளே வந்து, கடைசி இன்னிங்ஸில் மூன்று பேரையும் அவுட் ஆக்கி, வெற்றியைக் கைவிடாமல் முடித்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். ரிவேரா கணக்கில் 652 சேவ். இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை.

பனாமா நகரத்துக்கு மேற்கே, பசிபிக் கரையில் புவேர்ட்டோ கைமிட்டோ என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கேதான் ரிவேரா வளர்ந்தார். கடல் உள்வாங்கிய நேரத்தில் ஈர மணல்தான் மைதானம். மரக்கிளை மட்டை. கிழிந்த வலையைச் சுருட்டி டேப் சுற்றினால் பந்து. பால் அட்டைப்பெட்டியை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டால் கையுறை. அப்பா படகில் கேப்டன். பையனும் பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் படகேறினான். ஒருநாள் அந்தப் பெரிய படகு கடலிலேயே கவிழ, உயிர் தப்பிக் கரை சேர்ந்தான். இந்தத் தொழில் நமக்கு வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது.

உள்ளூர் அணியில் அவர் பிட்சரே அல்ல. ரன் எடுக்க ஓடுகிறவர் தொட வேண்டிய இடங்களான பேஸ்களில், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று பந்து தடுக்கிற ஆள். 1989-இல் ஓர் ஆட்டத்தில் பிட்சர் சரமாரியாக அடி வாங்கினார். எறிய வேறு ஆள் இல்லை. நான் எறிகிறேன் என்று ரிவேரா முன்வந்தார். அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது. கூட ஆடியவர்கள் விஷயத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் காதில் போட்டார்கள். 1990 பிப்ரவரியில், மூவாயிரம் டாலருக்கு மேற்போகாத ஒரு தொகைக்கு ஒப்பந்தம். அப்போது அவருக்கு வயது 20. ஆங்கிலம் தெரியாது.

அடுத்த ஐந்து ஆண்டுகள் கீழ்மட்டமான மைனர் லீக். அணியிலிருந்து அணிக்குப் பேருந்துப் பயணம், 1992-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அதே ஆண்டு, ஃபுளோரிடாவிலும் கொலராடோவிலும் வரவிருந்த இரண்டு புதிய அணிகளுக்கு ஆள் சேர்த்தார்கள். மற்ற அணிகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாத ஆட்டக்காரர்களை அவை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. யாங்கீஸ் ரிவேராவை வைத்துக்கொள்ளவில்லை. புதிய அணிகளும் எடுத்துக்கொள்ளவில்லை.

1995 மே மாதம் ஒருவழியாக உச்ச மட்டமான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம், அதுவும் தொடக்கப் பிட்சராக. நாலாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை. ஐந்து ரன் கொடுத்தார். சில வாரங்களில் மைனர் லீக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். டெட்ராய்ட் அணிக்கு அவரைக் கொடுத்து டேவிட் வெல்ஸ் என்ற பிட்சரை வாங்கும் யோசனை அப்போது யாங்கீஸிடம் இருந்தது. அந்த நேரத்தில்தான் அது நடந்தது. ஜூன் மாத ஆட்டம் ஒன்றில், மணிக்கு 145 கிலோமீட்டரை ஒட்டி எறிந்துகொண்டிருந்தவரின் வேகம் 153-ஐத் தொட்டது. யாங்கீஸின் பொது மேலாளர் ஜீன் மைக்கேல் நம்பவில்லை. வேகமானி பழுதோ என்று அன்று அங்கிருந்த வேறு அணிக்காரர் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பேரம் அத்தோடு நின்றது. வேகம் எங்கிருந்து வந்தது? கடவுள் கொடுத்தார் என்பதுதான் ரிவேராவின் பதில். வேறு விளக்கத்தை அவர் தேடியதில்லை.

மேஜர் லீக்குக்குத் திரும்பியவருக்கு 1996-இல் குளோசருக்கு முந்திய இரண்டு இன்னிங்ஸ். அணி சாம்பியன் ஆனது. குளோசராக இருந்த ஜான் வெட்டிலேண்ட் வேறு அணிக்குப் போனார். 1997 முதல் அந்த இடம் ரிவேராவுக்கு.

அந்தக் கோடையில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல ஆசை. ஆட்டத்துக்கு முன்னால் சக பனாமாக்காரர் ரமீரோ மெண்டோசாவோடு சும்மா பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். நேராகப் போக வேண்டிய பந்து கடைசி நொடியில் விலகியது. மெண்டோசா எரிச்சலானார். ரிவேரா வேண்டுமென்று செய்யவில்லை. பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரும் அவரும் அதை நேராக்க எவ்வளவோ பார்த்தார்கள். முடியவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டார்கள்.

அதன் பெயர் கட்டர். இந்தப் பெயர் கிரிக்கெட்டிலும் நமக்குத் தெரியும். ஆனால் கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தித் திரும்புகிறது. பேஸ்பாலில் தரைக்கே வேலை இல்லை. காற்றிலேயே விலக வேண்டும். பதினெட்டரை மீட்டர் தூரத்தை அரை நொடிக்குள் கடக்கிற பந்து, முக்கால்வாசி வழியும் நேர்ப்பந்தாகவே தெரியும். மட்டையாளர் மனசில் முடிவெடுத்து மட்டையை வீசிய பிறகு, சில அங்குலம் விலகும். இடக்கை ஆட்டக்காரருக்கு அது உள்ளே, விரல் இருக்கிற பக்கம் வரும். மட்டையின் தடித்த பகுதியில் பட வேண்டியது கைப்பிடியில் படும். மட்டை முறியும். 1999-இல், சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில், அட்லாண்டாவின் ரையன் கிளெஸ்கோ ஒரே முறை ஆட வந்து மூன்று மட்டைகளை முறித்துக்கொண்டார். அவருடைய அணியின் சிப்பர் ஜோன்ஸ் உட்கார்ந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார்.

மற்ற பிட்சர்களிடம் மூன்று நாலு வகைப் பந்துகள் இருக்கும். ரிவேரா பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் எறிந்தார். என்ன வரப்போகிறது என்று எதிரே நிற்பவருக்குத் தெரியும். பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும். குளோசர் ஓர் ஆட்டத்தில் ஒரு மட்டையாளரை ஒரே தடவைதான் சந்திக்கிறார், அதனால் சமாளித்துவிடலாம் என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அதே ஆட்கள் அதே பந்தை ஆடினார்கள். என் பார்வையில் ரகசியம், அவர் கை அசைவு ஒரு நாளும் மாறாததில் இருக்கிறது. பந்தைப் பிடிக்கிற கேட்சர் கையுறையை எங்கே நீட்டினாரோ அங்கே போய் விழுந்தது பந்து.

பருவத்தின் இறுதிச் சுற்று ஆட்டங்களில் மொத்தம் 141 இன்னிங்ஸ் எறிந்தார். அவர் பொறுப்பில் எதிரணி எடுத்த ரன் 11. நிலவில் நடந்தவர்கள் பன்னிரண்டு பேர் என்று அமெரிக்கர்கள் இதோடு சேர்த்துச் சொல்வதுண்டு.

ஆனாலும் அவர் தோற்ற நாட்கள்தான் என்னை அவரிடம் இழுத்தன. 2001 உலகத் தொடர், ஏழாவது ஆட்டம், அரிசோனாவில். யாங்கீஸ் 2-1 முன்னிலை. கடைசி இன்னிங்ஸ், பந்து ரிவேரா கையில். இரண்டாம் பேஸுக்கு அவரே தவறாக எறிந்தார். ரன் சமமானது. பிறகு லூயிஸ் கொன்சாலெஸ் மட்டையில் சரியாகப் படாத பந்து ஒன்று, உள்ளே நெருங்கி நின்ற தடுப்பாளர்களின் தலைக்கு மேலே மெதுவாகப் போய் விழுந்தது. கோப்பை போயிற்று. சக ஆட்டக்காரர் என்ரிக்கே வில்சன், வெற்றி ஊர்வலம் இல்லாமல் போனதால் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவர் முதலில் போவதாக இருந்த விமானம் நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த எல்லோரும் இறந்தார்கள். தோற்றதே நல்லது, நண்பன் பிழைத்தான் என்று ரிவேரா பிற்பாடு மனமாரச் சொன்னார்.

2004-இல் பாஸ்டனுக்கு எதிராக முன்னிலையைக் காக்க முடியாமல் போனார். பாஸ்டன் அங்கிருந்து எழுந்து கோப்பையே வென்றது. அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மைதானத்தில் அவர் பெயரை அறிவித்ததும், கேலியாக முழு அரங்கமும் எழுந்து கைதட்டியது. ரிவேரா சிரித்து, தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

2012 மே மாதம் கான்சஸ் சிட்டியில், பயிற்சியின்போது ஓடிப் பந்து பிடிக்கப் போய் முழங்கால் தசைநார் அறுந்தது. வயது 42. இப்படிப் போகமாட்டேன் என்றார். மறு ஆண்டு திரும்பி வந்து 44 சேவ் எடுத்தார். விடைபெறும் ஆண்டு என்பதால் ஊர் ஊராகப் பரிசு கொடுத்தார்கள். மினசோட்டாக்காரர்கள் கொடுத்தது ஒரு நாற்காலி. முறிந்த மட்டைகளாலேயே செய்தது. அவரும் போகிற ஊரிலெல்லாம் மைதானத்தில் சமையல், துப்புரவு, டிக்கெட் வேலை பார்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் திரும்பினார். 2019-இல் பேஸ்பால் புகழ்மன்றத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது 425 வாக்குகளும் அவருக்கே விழுந்தன. அதற்கு முன் எவருக்கும் அப்படி விழுந்ததில்லை.

2013 செப்டம்பர் 26. யாங்கீ ஸ்டேடியத்தில் அவருடைய கடைசி ஆட்டம். அன்று அணி பின்தங்கியிருந்தது. காப்பதற்கு முன்னிலை என்று ஒன்றும் இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் உள்ளே வந்து, தொடர்ச்சியாக நாலு பேரை அவுட் ஆக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒருவர் பாக்கி. பிட்சரிடமிருந்து பந்தை வாங்கிக்கொள்ள வழக்கமாகப் பயிற்சியாளர்தான் வருவார். அன்று நடுவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, மைனர் லீக் நாட்களிலிருந்தே கூட ஆடிய ஆண்டி பெட்டிட்டும் டெரெக் ஜீட்டரும் நடந்து வந்தார்கள். பெட்டிட் கையை நீட்டினார். ரிவேரா பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளில் முகம் புதைத்து அழுதார். பிட்சர் மேட்டில் மூவரும் வெகுநேரம் நின்றார்கள்.

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. மற்றவர்கள் உள்ளே போன பிறகு ரிவேரா தனியாக அந்த மேட்டுக்குத் திரும்பி வந்தார். குனிந்து, ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போனார்.