தூசி என்று நினைத்த புள்ளி



இறுதியாண்டு படிக்கையில் உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் 3 அங்குல நீளத்தில் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள். நடுவில் கடுகைவிடச் சின்னதாய் ஒரு கறுப்புப் புள்ளி. தூசி என்றெண்ணி, நம் டெக்ஸ்டைல் லேபில் ஒன்றைச் சைலீனில் ஊறவைத்துத் துடைத்தேன். பால்சம் பிசின் கரைந்து மேல்கண்ணாடி நழுவியது; புள்ளியும் போயே போச்சு.

"ஏனுங்க தம்பி, பாக்காமயே தொடைக்கறீங்களே!" என்றார் லேப் உதவியாளர்.

பஞ்சு இழை பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் மற்றதை வைத்தோம். பத்துக் கட்டளைகளும் எழுத்தெழுத்தாய்த் தெரிந்தன! லேபிளில் டான்சர் என்ற பெயர். மான்செஸ்டரில் கருவிகள் செய்த ஜான் பெஞ்சமின் டான்சர், 1839-லேயே இந்த நுண்படத்தை முயன்றவர். மைக்ராஸ்கோப் லென்ஸையே கேமரா லென்ஸாக்கிப் படத்தைச் சுருக்கினார். 1850-களில் கொலோடியன் முறை வந்ததும் விற்பனைக்கே செய்தார். 1870-71 பாரிஸ் முற்றுகையின்போது புறாக்கள் சுமந்த கடிதங்களும், சென்னை ரோஜா முத்தையா நூலகம் பழைய தமிழ் நூல்களைக் காப்பாற்றிய மைக்ரோபிலிமும் இதே வித்தையின் வாரிசுகள்தாம்.

இன்று என்னிடம் 19 ஸ்லைடுகள். துடைத்ததில் என்ன படம் இருந்ததோ, இன்றுவரை தெரியாது.

பெட்டியைப் பீளமேட்டுக்கே கொண்டு வந்திருக்கிறேன். டீ இடைவேளையில் வந்து பாருங்கள். கைக்குட்டை மட்டும் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்!