சொல் வரும்வரை காத்திருப்போம்



பழைய மாணவிகள் நாம் ஒன்றுகூடினால் மூத்தவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "பேர் நாக்கு நுனியில நிக்குது, வருதில்ல." இது மறதிநோயின் தொடக்கமோ என்று பலர் பயப்படுகிறோம். பெரும்பாலும் இல்லை.

வயது ஏற ஏற, சொல்லைத் தேடி எடுக்கும் வேகம் குறைகிறது. ஆனால் சேர்த்து வைத்த சொல்வளம் அறுபதைத் தாண்டியும் நிலைக்கிறது. முதலில் தடுமாறுவது ஆட்களின் பெயர்களே. காதும் மந்தமானால், கல்யாணவீட்டு இரைச்சலில் கேட்பதற்கே மூளை களைத்துவிடும். கேட்டதை மனதில் வைக்கத் தெம்பிராது.

புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் என்று நீளும் எங்கள் கரையில் தமிழும் சிங்களமும் கதைக்கும் முதியவர்கள் ஏராளம். ஐதராபாத்தில் வைத்தியர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியோருக்கு நோய் சுமார் நாலரை வருடம் பிந்தியே தலைகாட்டியது. எழுத்தறியாதவர்களிடமும் இதைக் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. என்றாலும் இரு மொழி பேசுவதால் நட்டமில்லை.

ஆனால் மறதிநோய் வந்தவர்கள் பலருக்குப் பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழியே மிஞ்சுகிறது. சிலாபக் கரையின் பள்ளிகள் பல கடந்த நூற்றாண்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. அம்மம்மா தன் தமிழுக்குத் திரும்பும் நாளில், பேரப்பிள்ளைக்கு அது விளங்காமற் போனால் அவர் யாரோடு கதைப்பார்? ஆகவே பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழைக் கொடுப்போம். கிளினிக்குக்குக் கூட்டிப்போனால், அவர் வளர்ந்த மொழி எதுவென்று வைத்தியரிடம் சொல்வோம். பழகாத மொழியில் கேள்வி கேட்டால் நோய் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய பாதை தவறுவது, பொருளின் உபயோகமே மறப்பது ஆகியவற்றை வயதென்று விட்டுவிடக்கூடாது. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற குணமாக்கக்கூடிய காரணங்களும் இருக்கலாம். பேச்சு திடீரெனக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, தொலைபேசியில் அம்மா சொல் தேடித் தயங்கும்போது நாம் முந்திக்கொண்டு வசனத்தை முடிக்க வேண்டாம். சற்றுப் பொறுப்போம். சொல் வந்துவிடும்.