வடசென்னையைக் காட்டிய படங்கள்

மணலியில் காலை ஷிப்டுக்குப் பஸ் ஏற நிற்கிறவர்களிடம் சினிமாப் பேச்சு வந்துவிட்டால், அது கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். நம்ம வடசென்னையைச் சரியாகக் காட்டிய படம் எது?

என்னைக் கேட்டால், 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. குத்துச்சண்டைதான் கதை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவர் நாயகன் கபிலனின் அம்மா பாக்கியம். புருஷனைப் பறிகொடுத்தவர், மகன் கையுறை மாட்டினாலே பதறுகிறார். அந்தப் பயம் இல்லாத வீடு நம் பக்கம் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்! கபிலனின் மனைவி மாரியம்மாவும் வாயடைத்து நிற்கிற பெண் இல்லை. நம் தெருப் பெண்.

அதே இயக்குநரின் 'மெட்ராஸ்' 2014-இல் வந்தது. வியாசர்பாடியின் ஒரு சுவரை வைத்தே அரசியலைச் சொன்னார். நல்ல படம்.

2018-இல் வந்த வெற்றிமாறனின் 'வடசென்னை'யில் தனுஷ் கேரம் ஆடுகிறவர். உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கேரம் பலகையைவிடக் கத்திதான் மனதில் நிற்கிறது. அது எனக்கு வருத்தம். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றுவந்தார். அதுவும் வடசென்னைதான்.

இயக்குநர்களே, 1969 முதல் எண்ணெய் சுத்திகரிக்கிற இந்த மணலிக்கும் ஒருமுறை கேமராவோடு வாருங்கள். கத்தியை மட்டும் வைத்துவிட்டு வாருங்கள்.