கல்லுக்கு ஏற்ற கட்டு



மோதிரத்துக்குக் கல் வாங்கும்போது அதன் நிறம், கரட், விலை எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். அதைப் பதிக்கும் கூலி பற்றுச்சீட்டின் கடைசி வரியில்தான் வரும். கணக்காளன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கடைசி வரிதான் மேலே உள்ள வரிகளையெல்லாம் காப்பாற்றுகிறது.

கல் கட்டும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சிறு கம்பிகள் கல்லைத் தூக்கிப் பிடிப்பது. 1886இல் நியூயோர்க்கின் டிஃபனி நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆறு கம்பிக் கட்டு இந்த வகைதான். நாலா பக்கமும் வெளிச்சம் புகுவதால் கல் நன்றாக ஜொலிக்கும். ஆனால் கம்பி உடுப்பில் மாட்டும், நாளடைவில் தேயும். மற்றது, கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டுவது. ஜொலிப்புச் சற்றுக் குறையலாம், பாதுகாப்பு அதிகம்.

இரண்டில் எது நல்லது? அதைக் கல்லின் கடினத்தன்மையும் அணிபவரின் கையும் தீர்மானிக்கட்டும். மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலமும் மாணிக்கமும் 9, மரகதம் ஏறத்தாழ 7½ முதல் 8, முத்து ஏறத்தாழ 2½. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகளின் கடினம் 7. அதற்குக் குறைந்த கல்லைத் தூசியோடு துடைத்தாலே கீறல் விழும். 1993இல் அவுஸ்திரேலியாவின் தேசிய மணிக்கல்லாக அறிவிக்கப்பட்ட ஓபலின் கடினம் 5½ முதல் 6½ வரைதான். நாளாந்தம் அணிவதானால் அதற்கு விளிம்புக் கட்டே பொருத்தம். மரகதம் கடினமானதுதான், ஆனால் உள்ளே இயற்கையான வெடிப்புகள் இருப்பதால் ஓர் அடியில் உடையக்கூடும்.

என் தாயாரின் தோட்டில் இருந்த இரத்தினபுரி நீலக்கல் ஒன்றை மகளின் நிச்சயதார்த்த மோதிரத்தில் பதித்தோம். கடைக்காரர் உயரமான கம்பிக் கட்டைக் காட்டினார். மகள் வேலை செய்வதோ சிறுவர் பராமரிப்பு நிலையத்தில். நாள் முழுவதும் பிள்ளைகளைத் தூக்குவாள், கை கழுவுவாள். தாழ்வான விளிம்புக் கட்டைத் தெரிந்தோம், அடிப்புறம் மட்டும் வெளிச்சத்துக்குத் திறந்திருக்கிறது. தொலைந்தால் இன்னொரு நீலக்கல் வாங்கலாம், அம்மாவின் கல்லை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கம்பிக் கட்டு வைத்திருப்பவர்கள் மோதிரத்தைக் காதருகே பிடித்து மெல்லத் தட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் கல் தளர்ந்துவிட்டது, உடனே பத்தரிடம் கொடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருதரம் வாசியுங்கள். பெறுமதியான நகைகளைத் தனியே பதிய வேண்டியிருக்கலாம். தேய்மானத்தால் வரும் நட்டத்தைக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை.

அடுத்த மாதம் இன்னொரு பேச்சில் சந்திப்போம்.