வழியும் நீருக்குத் தக்க வழி



2019-ஆம் ஆண்டில் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கியபின் கிராமங்களில் வீட்டுக் குழாய் இணைப்புகள் பெருகியுள்ளன. நீர்த்தொட்டி அமைப்போரும் பலராயினர். தொட்டி நிரம்பி வழியும் குழாயைச் சாக்கடைக் குழாயோடு நேரே பொருத்திவிடுவோர் உண்டு. சுவர் நனையாது, முற்றம் சேறாகாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அதில் பெருங்கேடு மறைந்திருக்கிறது.

சாக்கடையின் துர்நாற்றமும் கரப்பான் பூச்சிகளும் அக்குழாய் வழியே ஏறிக் குடிநீரை அடையும். தரைக்குக் கீழ் அமைந்த தொட்டியாயின், சாக்கடை அடைபட்ட நாளில் கழிவுநீரே உள்ளே புகுந்துவிடும்.

ஆகவே வழிகுழாயின் வாய் சாக்கடையைத் தொடலாகாது. இரண்டு அங்குலக் குழாயாயின், வாய்க்கால் விளிம்புக்கு மேல் நான்கு அங்குலமேனும் இடைவெளி விடுங்கள். தரைத்தொட்டியின் மேற்பகுதியைத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டினால் இது எளிது. குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். டெங்குக் கொசு தேங்கிய நன்னீரில்தான் பெருகுகிறது.

மற்றொரு நன்மையும் உண்டு. கண்ணெதிரே நீர் வழிந்தால், மிதவை வால்வு பழுதுற்றதை உடனே அறியலாம். சாக்கடைக்குள் மறைந்து ஓடினால் நீரும் மின்சாரமும் வீணாவதை யார் அறிவார்? வழிவதும் நல்ல நீரே. அது வாழைக்கும் தென்னைக்கும் பாயட்டும்.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பஞ்சாயத்து இதனை முதலில் செய்து காட்டுமாயின், ஊரார் தாமே பின்பற்றுவர்.