ரெண்டு டிகிரி, ஒரு மழைக்காலம்

‘ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாமா?’ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. படிக்கலாம். 2022 ஏப்ரல்ல யுஜிசி அனுமதி கொடுத்துடுச்சு. ஒண்ணு நேரடி வகுப்பு, இன்னொண்ணு தொலைநிலையிலோ ஆன்லைனிலோ இருக்கலாம். நேரம் மோதலைன்னா ரெண்டுமே நேரடியாவும் படிக்கலாம்.

எனக்கு ஊர் மரக்காணம். அம்மா உப்பளத்துல வேலை செய்றாங்க. பாண்டிச்சேரியில பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தப்போ, கூடவே தொலைநிலையில பி.காம். படிக்கணும்னு ஆசை. பஸ்ல போக வர ரெண்டு மணி நேரம், அதுல படிச்சுக்கலாம்னு கணக்குப் போட்டேன். (தொங்கிக்கிட்டுப் போற பஸ்ல புத்தகத்தை எங்க திறக்கறது?)

அம்மா நேரத்தைப் பத்திக் கேட்கவே இல்ல. “பரீட்சை ஃபீஸ் எப்போ கட்டணும்?”னாங்க. பார்த்தா, ரெண்டுக்குமே ஐப்பசி வாக்குல. உப்பளம் ஜனவரியில ஆரம்பிச்சு மழை வர்ற வரைக்கும்தான். அக்டோபர்ல பாத்தி எல்லாம் தண்ணி. மூணு மாசம் கூலி கிடையாது. அரசு கொடுக்கிற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய், அரிசி மளிகைக்கே சரியாப் போயிடும்.

அதனால முதல் வருஷம் ஒரு டிகிரிதான். ரெண்டையும் ஒண்ணாவே ஆரம்பிக்கணும்னு கட்டாயமில்லையே! ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசுல, அடுத்த ஜனவரி சேர்க்கையில பி.காம். சேர்ந்தேன். முதல் பரீட்சை வெயில் காலத்துல, உப்பு வார்ற சமயத்துல வந்துச்சு. ரெண்டாவது மறுபடி மழையிலதான். அந்த ஃபீஸை அம்மா ஆவணியிலேயே தனியா முடிஞ்சு வெச்சிருந்தாங்க.